நூலை விடாத தெர்மோஸ்டாட்

— அவசரப்படாதீங்கம்மா. தண்ணி இன்னும் அம்பது டிகிரிகூட வரல.

— அண்ணே, நான் ஒரு தெர்மோஸ்டாட் வாங்க வந்தேன். வெந்நீர் வெச்சுக் குளிக்க வரல.

— அதுல பாருங்க, கடை திறந்த நாள்லேருந்து வெந்நீர்ல போட்டுப் பாக்காம ஒரு தெர்மோஸ்டாட்கூட இந்தக் கவுன்டர தாண்டிப் போனதில்ல. பொட்டியில என்ன வேணா அச்சடிச்சிருப்பான். தண்ணிதான் உண்மையச் சொல்லும்.

— எதிர் ஷெட்டுல மெக்கானிக் இஞ்சின திறந்து போட்டுட்டு எனக்காகக் காத்துக்கிட்டிருக்கார். "பழசு செத்துப்போச்சு, போய் நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வாங்க"ன்னு இத பேப்பர்ல சுத்திக் குடுத்தனுப்பினார். இந்தாங்க. இதே அளவுல, உயிரோட இருக்கறதா ஒண்ணு குடுங்க. அவ்வளவுதான்.

— குடுங்க பாப்போம்... இது எந்த வண்டியில இருந்ததும்மா?

— அதோ, பானெட்ட தூக்கி வெச்சுக்கிட்டு நிக்குதே, அந்த வெள்ளக் கார். முப்பது வயசாச்சு அதுக்கு.

— உள்ள ஸ்டியரிங்க பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் உக்காந்திருக்காரே...

— எங்கப்பா. இஞ்சின் திறந்து கிடக்கு, வண்டி எங்கயும் போகாது, இறங்கி நிழல்ல உக்காருங்கன்னா கேக்க மாட்டேங்கறார்.

— டிரைவர் ஐயா பொண்ணா நீங்க? மருந்துக்கடையில வேல பாக்கற பொண்ணு?

— அப்பாவத் தெரியுமா உங்களுக்கு?

— நல்லா கேட்டீங்க. முப்பது வருஷத்துக்கு மேல இதே ஸ்டூல்ல வந்து உக்காந்துட்டுப் போறவரு. கம்பெனியில டிரைவரா இருந்த காலத்துலேருந்து பழக்கம். உங்கப்பா ரிட்டையர் ஆகும்போது பெரிய முதலாளி இந்தக் கார அவருக்கே குடுத்துட்டாரே, அன்னைக்கு முதல்ல இங்கதான் ஓட்டிட்டு வந்தாரு. இறங்கி வந்து சாவிய என் கையில வெச்சு, "பாரு, சொந்த சாவி"ன்னாரு.

— அப்ப நல்லதாப் போச்சு. தெரிஞ்ச மனுஷனுக்குன்னா நல்லதாத்தான் குடுப்பீங்க. சீக்கிரம் எடுங்க.

— எடுக்கறேன்... மூணு கம்பெனி சரக்கு இருக்கு. மூணையும் போட்டுப் பாத்துருவோம்.

— எதுக்கு மூணு? அதென்ன, எல்லாத்துலயும் நூல் கட்டறீங்க?

— கட்டல, மாட்டறேன். இந்த வாய் இருக்கு பாருங்க, இது ஸ்பிரிங்ல இறுக்கமா மூடியிருக்கும். கொஞ்சம் நெம்பி நூல உள்ள விட்டா கவ்விக்கும். அப்படியே பாத்திரத்துல தொங்க விடணும், அடியில படாம. தண்ணி சூடேற சூடேற உள்ள இருக்கற மெழுகு இளகும், வாய் திறக்கும், நூல விட்டுட்டுப் பொத்துனு விழும். விழுற நேரத்துல தண்ணி எத்தன டிகிரின்னு பாக்கணும். உங்கப்பா வண்டிக்கு எம்பத்திரண்டுல விழணும்.

— விழலன்னா?

— விழலன்னா வண்டியில தண்ணி ரேடியேட்டர் பக்கமே போகாது. இஞ்சின சுத்திச் சுத்தியே காயும். அஞ்சாறு கிலோமீட்டர்ல கொதி கண்டுடும்.

— அதேதான்! அச்சு அசலா அதேதான். ஆறு கிலோமீட்டர், ஏழு கிலோமீட்டர். அதுக்கு மேல ஒரு அடி போகாது. மூணு மாசமா இதே ரோதனை. ஒரு நாள் தண்ணித் தொட்டி பக்கத்துல, ஒரு நாள் மாவு மில் வாசல்ல, ஒரு நாள் ரயில்வே கேட்டுல. யாராவது போன் பண்ணுவாங்க, "உங்கப்பா வெயில்ல நிக்கறாரு"ன்னு. நான் கடைய பாதியில போட்டுட்டு ஓடணும்.

— போனா அவரு என்ன செஞ்சுக்கிட்டிருப்பாரு?

— வேற என்ன, ஒரு துணிய வெச்சுக் கண்ணாடி தொடச்சுக்கிட்டு நிப்பார். "வண்டிக்கு வயசாச்சும்மா"ம்பார். நான் சாவிய வாங்கிக்குவேன், இழுத்துட்டு வர ஏற்பாடு பண்ணுவேன்.

— சாவிய குடுத்துடுவாரா?

— அப்ப குடுத்துடுவார். வண்டி ஓடாதப்ப சாவி எதுக்குன்னு. ஓடற வண்டியோட சாவிய கேட்டாத்தான் பெரிய ரகளை... பாருங்க, ஒண்ணு விழுந்துடுச்சு!

— எழுபது. எழுபதுலயே வாயப் பொளந்துட்டான். இது பதட்டக்காரப் பய. இஞ்சின் சூடேறவே விட மாட்டான், டீசல குடிச்சுக்கிட்டே இருக்கும். இது வேணாம்.

— சரி, அத ஓரமா போடுங்க. மீதி ரெண்டுல எது விழுதோ அத குடுங்க.

— விழுந்தா மட்டும் போதாது. விழுந்தவன் ஆறினதும் திரும்ப ஒழுங்கா மூடணும். விளிம்புல சின்னதா ஒரு ஓட்டையும், அதுல ஆடற மாதிரி ஒரு ஆணியும் இருக்கணும், காத்து வெளியேறறதுக்கு. அது இல்லன்னா காத்து அடைச்சுக்கும். ரப்பர் வளையம் புதுசா இருக்கணும். பழைய வண்டிக்குன்னா இன்னும்...

— அண்ணே, நானும் கவுன்டர்ல நிக்கறவதான். வந்தவங்களுக்குக் குடுக்க மனசில்லன்னா நாங்களும் இப்படித்தான் பேசுவோம். சுத்தி வளைக்காதீங்க. என்ன விஷயம்?

— விஷயம் ஒண்ணுமில்லம்மா. எம்பது... எம்பத்தொண்ணு...

— விழுந்தாச்சு!

— எம்பத்திரண்டு.

— அப்பாடா. இதுதான். இத பொட்டியில போட்டுக் குடுங்க.

— மூணாவதையும் பாத்துருவோமே.

— எதுக்குங்கறேன்? எம்பத்திரண்டு கேட்டீங்க, எம்பத்திரண்டு வந்தாச்சு. மெக்கானிக் சாப்பிடப் போயிட்டார்னா அப்புறம் சாயங்காலம்தான். அப்பா அதுவரைக்கும் அந்த சீட்ட விட்டு இறங்க மாட்டார்.

— வண்டி சரியானா எங்கம்மா போகப் போறாரு?

— புதன்கிழமை தம்பி வீட்டுக்கு. முன்னூறு கிலோமீட்டர். எனக்கு லீவு கிடைக்கல. தம்பி "பஸ்ல ஏத்தி விடு"ங்கறான். இவர் "டிரைவரா இருந்தவன் பஸ்ல போவானா"ங்கறார். சரி, வண்டிய நல்லபடியா பண்ணிக் குடுத்தா அவரே ஓட்டிட்டுப் போயிடுவார்னு நான்தான் சொன்னேன்.

— தனியாவா?

— ஏன், தனியா ஓட்டினா என்ன? நாப்பது வருஷம் ஓட்டினவர். ஒரு கீறல் விழுந்ததில்ல.

— கீறல் விழாதும்மா. ஓட்டறதுல அவர மிஞ்ச ஆளில்ல. நான் அத கேக்கல. ஆளு எப்படி இருக்காரு?

— அப்பாவுக்கென்ன? நல்லாத்தான் இருக்கார். கொஞ்சம் மறதி. வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். தினமும் எங்க கடையில எத்தன பேர பாக்கறேன். எனக்குத் தெரியாதா?

— டாக்டர்கிட்ட காட்டினீங்களா?

— காட்டினோம். ஒரு பேப்பரக் குடுத்து கடிகாரம் வரையச் சொன்னார். அப்பா வட்டமா போட்டு, முள் போட்டு, அழகா வண்டி மீட்டர வரைஞ்சு குடுத்தார். ஸ்பீடு, பக்கத்துல டீசல், அதுக்குப் பக்கத்துல சூடு காட்டற முள். ஒரு கோடு தப்பில்ல. நான் சிரிச்சுட்டேன்.

— டாக்டர்?

— அவர் சிரிக்கல.

— ம்.

— என்ன "ம்"? டிரைவர்கிட்ட வட்டம் போடச் சொன்னா மீட்டர்தான் போடுவார். தையல்காரர்கிட்ட சொன்னா பட்டன் போடுவார். இதெல்லாம் ஒரு வியாதியா?

— நான் ஒண்ணும் சொல்லலியேம்மா. அந்த லாட்ஜ் வாசல்ல ரெண்டு நாள் நின்னாரே, அதுக்கப்புறம்தானே டாக்டர்கிட்ட போனீங்க?

— அது உங்களுக்கு எப்படித் தெரியும்? வெளியில யார்கிட்டயும் நாங்க சொல்லலியே.

— காதுல விழுந்தது.

— அது வண்டிக் கோளாறு. டீசல் போட்டுட்டு வரேன்னு காலையில கிளம்பினார். அன்னைக்கு முழுக்க வரல. மறுநாள் சாயங்காலம் போன் வருது, இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு லாட்ஜ் வாட்ச்மேன்கிட்டேருந்து. எங்கேயோ போற வழியில வண்டி மக்கர் பண்ணிருக்கும். அதான் அங்கேயே மாட்டிக்கிட்டார்.

— அந்த லாட்ஜ்லதானே பெரிய முதலாளி மீட்டிங்குனா தங்குவாரு?

— ஆமா. அதனால என்ன?

— முதலாளி செத்துப் பதினோரு வருஷமாச்சு.

— எனக்குத் தெரியாதா? அப்பாதான் நாலு நாள் சாப்பிடாம கிடந்தாரே.

— வாட்ச்மேன் என்ன சொன்னாரும்மா?

— அந்த ஆள் ஏதோ உளறினார்... வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு வண்டியிலயே உக்காந்திருக்கார், சாப்பிடக் கூப்பிட்டா "சார் எந்த நிமிஷமும் இறங்கி வருவார், வண்டிய விட்டுட்டு வர முடியாது"ங்கறார்னு.

— யாரு போய் கூட்டிட்டு வந்தீங்க?

— என் வீட்டுக்காரர் போனார். அவர்தான் ஓட்டிட்டு வந்தார்.

— வண்டி ஸ்டார்ட் ஆச்சா?

— ஆச்சு.

— எத்தன தடவ சாவி போட்டாரு?

— ஒரே சாவிதானாம்... இத எதுக்குக் கேக்கறீங்க? ஒரே சாவியில ஸ்டார்ட் ஆனா வண்டி நல்ல வண்டின்னு அர்த்தமா? எனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்? எனக்குத் தெரிஞ்சதெல்லாம், அதுக்கு அடுத்த மாசத்துலேருந்து இது கொதிக்க ஆரம்பிச்சது. அப்பவே உள்ள ஏதோ கெட்டிருக்கு. வண்டிதான் அவர இந்தப் பாடு படுத்துது. வண்டிய சரி பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும்.

— எல்லாம் சரியாயிடுமா?

— சரியாயிடும்ணே. ஆகணும்.

— அழாதீங்கம்மா. அந்த ஸ்டூல்ல உக்காருங்க.

— நான் அழல. இந்த ஆவி கண்ணுல அடிக்குது. மூணு மாசமா என்னென்ன மாத்தினோம் தெரியுமா? ஹோஸ் மாத்தியாச்சு. ஃபேன் பெல்ட் மாத்தியாச்சு. ரேடியேட்டர கழட்டி ஆசிட் ஊத்திக் கழுவியாச்சு. தண்ணி பம்ப்பு புதுசு. மெக்கானிக் முதல்லயே தெர்மோஸ்டாட்ட பாக்கறேன்னார். அப்பா அங்க கை வெக்கவே விடல. "அது நல்லாருக்கு, நான் பாத்துட்டேன், நீ வேற எடத்துல தேடு"ன்னு ஒத்தக்கால்ல நின்னார்.

— இன்னைக்கு மட்டும் எப்படி விட்டாரு?

— அதான் அதிசயம். இந்த வாரம் மெக்கானிக் திரும்பக் கேட்டார். அப்பா தடுக்கவே இல்ல. "பாரேன், அதாத்தான் இருக்கும்"னுட்டார். ஏதோ புதுசாக் கேக்கற மாதிரி.

— புதுசாக் கேக்கற மாதிரியா?

— ஆமா.

— கடவுளே.

— என்னண்ணே? ஏன் இப்படி முகம் மாறுது?

— ஒண்ணுமில்ல. மூணாவதும் விழுந்தாச்சு, எடுத்து வெச்சுட்டு நீங்க கொண்டுவந்த பழச தண்ணியில போட்டுப் பாப்போம். நூல மாட்டறேன், இருங்க.

— செத்தத எதுக்கு வேக வெக்கறீங்க? அத திருப்புங்க. அதுல என்ன மூணு கீறல்? மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரால கிழிச்சுட்டாரா?

— அது... கம்பெனி மார்க்கா இருக்கும்.

— கம்பெனிக்காரன் ஆணியால கீறுவானா? அண்ணே, எக்ஸ்பைரி தேதிய சுரண்டின அட்டைய நான் ஒரு மைல் தள்ளி இருந்தே கண்டுபிடிச்சுடுவேன். இந்தக் கீறல் கையால போட்டது. யார் போட்டது?

— நான் போட்டது.

— நீங்களா?

— தண்ணியில போட்டுப் பாத்து ஒழுங்கா விழாததெல்லாம் இந்தத் தகரப் பொட்டியில கிடக்கும். தப்பித்தவறிக்கூட யார் கைக்கும் போயிடக் கூடாதுன்னு ஒவ்வொண்ணுலயும் மூணு கீறல் போட்டு வெப்பேன். பாருங்க, இதுல இருக்கறது பூரா அதுதான்.

— அப்ப எங்கப்பா வண்டியில இருந்தது...

— இந்தப் பொட்டிலேருந்து போனது.

— செத்துப்போனதுன்னு தெரிஞ்சே எங்கப்பாவுக்கு வித்தீங்களா? நூல் கட்டி, தண்ணி காய வெச்சு, எவ்வளவு பேச்சுப் பேசினீங்க! "தண்ணிதான் உண்மையச் சொல்லும்"! எழுபத்து மூணு வயசு மனுஷன் மூணு மாசமா ரோட்டுல வெயில்ல நின்னாரே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா? ரயில்வே கேட்டுல மயக்கம் போட்டு விழுந்தாரே!

— நான் விக்கலம்மா.

— பின்ன யார் எடுத்துக் குடுத்தது?

— அவரே எடுத்துக்கிட்டாரு.

— என்ன?

— மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரு நாள் காலையில வந்தாரு. இந்தத் தகரப் பொட்டிய எடுன்னாரு. மொத்தம் இருபத்திரண்டு கிடந்தது. எல்லாத்துலயும் அவரே நூல மாட்டி, ஒண்ணொண்ணா தண்ணியில தொங்கவிட்டுப் பாத்தாரு. சிலது தொண்ணூறுல விழுந்தது, சிலது கொதிச்சப்புறம் விழுந்தது. அதெல்லாம் வேணாம்னு தள்ளினாரு. மதியம் சோறுகூடத் தின்னல. கடைசியா இது. கால் மணி நேரம் தளதளன்னு கொதிச்சும் நூல விடல. "இவன்தான் நம்பிக்கையான ஆளு"ன்னு சொல்லி எடுத்துட்டுப் போனாரு.

— பொய். எதுக்கு? எந்த மனுஷனாவது தன் வண்டிய தானே கெடுத்துப்பானா? அதுவும் எங்கப்பா? காக்கா எச்சம் போட்டாலே உயிர் போயிடும் அவருக்கு.

— நானும் அதத்தான் கேட்டேன். "லாட்ஜ் வாசல்லேருந்து என்னக் கூட்டிட்டு வந்தாங்கப்பா. அங்க எப்படிப் போனேன்னு எனக்குத் தெரியல. இன்னொரு தடவ இன்னும் தூரமா போயிட்டா என் பொண்ணு எங்கன்னு தேடும்?"னாரு.

— அப்படியா சொன்னார்? அப்பாவா?

— "சாவிய குடுத்துடுங்களேன்"னேன். "குடுத்துட்டா நான் முடிஞ்சுபோனேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. அவ முகத்த பாக்க முடியாது. வண்டி முடிஞ்சுபோச்சுன்னு நினைக்கட்டும்"னாரு.

— வண்டிக்கு வயசாச்சும்மான்னு...

— அதேதான். சரி, பேட்டரிய கழட்டி வெச்சுடுங்கன்னேன். "கழட்டினது மறந்துபோய், என்னடா இதுன்னு தேடி நானே மாட்டிடுவேன். டயர்ல காத்த எடுத்தா அடிச்சுடுவேன். கண்ணுக்குத் தெரியாத எடத்துல ஒரு கோளாறு வேணும். எனக்கே தெரியக் கூடாது"ன்னாரு. யோசிச்சு யோசிச்சு இத கண்டுபிடிச்சிருக்காரு மனுஷன்.

— இஞ்சின் வெடிச்சிருந்தா? தீப்பிடிச்சிருந்தா?

— அதையும் கேட்டேன். "எது மறந்தாலும் அந்த முள்ளப் பாக்கறது மறக்காது. முள் சிவப்பத் தொட்டா என்னக் கேக்காம காலு தானா எடுத்துடும், வண்டி ஓரமா நின்னுடும்"னாரு. நின்னுச்சா இல்லையா? ஒவ்வொரு தடவையும் ஓரமாத்தானே நின்னுச்சு?

— ஓரமாத்தான்... ரோட்டு ஓரமா, நிறுத்தி, கைப்பிரேக் போட்டு...

— ஆறு கிலோமீட்டர். நீங்க ஓடி வந்து பிடிக்கற தூரம்.

— என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேண்ணே. அவர்தான் சொல்லல. நீங்க?

— சத்தியம் வாங்கிட்டுப் போயிட்டாரு. அதுல பாருங்க, வாய்ப்பேச்சு மறந்துடும்னு எழுதியும் குடுத்துட்டுப் போனாரு. இந்த டிராயர்லதான் வெச்சிருக்கேன். இந்தாங்க.

— இது... கம்பெனி டிரிப் ஷீட்டு. இன்னும் இத வெச்சிருக்காரா?

— படிங்க.

— என்னால முடியல. நீங்களே படிங்க.

— "வண்டி: வெள்ளை கார். ஓட்டுநர்: நான். கிளம்பும் இடம்: வீடு. சேரும் இடம்..." அங்க ஒண்ணும் எழுதல, கோடு போட்டிருக்காரு. கீழ, "இதை நான் சுயநினைவோடு கேட்டு வாங்கினேன். கடைக்காரர் மீது குற்றம் இல்லை. என் மகள் வந்து நல்லது கேட்டால் கொடுக்க வேண்டாம். நானே வந்து கேட்டாலும் கொடுக்க வேண்டாம்." கையெழுத்து, தேதி, அன்னைக்கு வண்டி ஓடியிருந்த கிலோமீட்டர்.

— நானே வந்து கேட்டாலும்...

— அதான் நீங்க வந்ததுலேருந்து இப்படி முழிக்கறேன். குடுத்தா அவருக்குத் துரோகம். குடுக்கலன்னா உங்களுக்கு என்ன சொல்லுவேன்? அடுத்த தெருவுல இன்னொரு கடை இருக்கு. மனுஷன் சந்தேகமே படாம அஞ்சு நிமிஷத்துல எடுத்துக் குடுத்துடுவான்.

— கடிகாரத்த பாத்து சிரிச்சேன்ணே நான். டாக்டர் முன்னாடியே சிரிச்சேன். அப்பாவும் என்கூட சிரிச்சார். அவருக்கு அப்பவே தெரியுமா?

— தெரிஞ்சிருக்கும்.

— நான் தினமும் அந்த மறதி மாத்திரைய அட்டையா கிழிச்சு ஊருக்கெல்லாம் குடுக்கறேன். எவ்வளவு விளக்கம் சொல்லுவேன் தெரியுமா? "மறதிதானேன்னு விடாதீங்க, கூடவே ஒருத்தர் இருங்க"ன்னு. எங்கப்பாவுக்குன்னு வந்தப்ப, வண்டி மேல பழியப் போட்டுட்டு தண்ணி பம்ப்ப மாத்திக்கிட்டிருந்தேன்.

— அவரும் அதத்தானேம்மா வேணும்னாரு.

— ஐயோ, ஹாரன்.

— ரெண்டு தடவ, சின்னதா. அவருதான்.

— "வண்டி ரெடி சார்"னு அர்த்தம். முதலாளிக்கு அப்படித்தான் அடிப்பார். இஞ்சின் திறந்து கிடக்கு, வண்டி ரெடியாம்... ஐயோ, இறங்கிட்டார். ரோட்ட தாண்டி இங்கதான் வர்றார். அத எடுங்கண்ணே, தண்ணிலேருந்து அத எடுங்க!

— எப்படி எடுக்கறது, தளதளன்னு கொதிக்குது. பேப்பர உள்ள போடுங்க நீங்க.

— என்னப்பா, இன்னும் இந்த நூல் வேலைய விடலியா நீ?

— வாங்க டிரைவரய்யா. எப்படி இருக்கீங்க?

— நமக்கென்ன, ரைட்டா இருக்கோம். உன் கடைக்கு வந்துதான் வருஷக்கணக்காச்சு.

— ஆமாங்கய்யா. வருஷக்கணக்காச்சு.

— இதாரு தெரியுதா? என் பொண்ணு. மருந்துக்கடையில பெரிய ஆளு. ஏம்மா, ஒரு தெர்மோஸ்டாட் வாங்க இவ்வளவு நேரமா? கண்ணெல்லாம் ஏன் செவந்திருக்கு?

— ஆவிப்பா. அடுப்பு பக்கத்துலயே நிக்கறேன்ல.

— தள்ளி நில்லு. ஏம்பா, நல்லதா ஒண்ணு எடு. எம்பத்திரண்டு, காத்து ஓட்டை உள்ளது. புதன்கிழமை தூரப் பயணம்.

— அது வந்துங்கய்யா... சரக்கு இல்ல.

— கண்ணு முன்னாடி கவுன்டர்ல மூணு கிடக்கு. எனக்கே இல்லைங்கறியா? முப்பது வருஷமா இந்த ஸ்டூல்ல உக்காந்தவன் நான்.

— அது வேற வண்டிக்குப்பா. அண்ணன் சொல்லிட்டார்.

— வேற வண்டிக்கா? இந்த அளவு வேற எந்த வண்டியில இருக்கு? இரு, உள்ள தொங்குதே, அது என்ன?

— அது பழசுய்யா. நீங்க பாக்க வேணாம்.

— எவ்வளவு நேரமா தொங்குது? கொதிச்சுக் குமிழ் வருது, இன்னும் நூல விடல பாரு. ஜென்மத்துக்கும் விடாது இது. கீறல் வேற இருக்கு. உன் தகரப் பொட்டிச் சரக்குதானே?

— ஆமாங்கய்யா.

— இதுவா என் வண்டியில இருந்தது? அதான் ஆறு கிலோமீட்டர்ல கொதிச்சிருக்கு! பொத்திப் பொத்தி வளத்த வண்டிப்பா அது. எந்தப் புத்திகெட்டவன் இத எடுத்துட்டுப் போய் அதுல மாட்டினது?

— அய்யா, அது...

— நான்தாம்ப்பா.

— நீயா?

— நான்தான் மாட்டச் சொன்னேன். அண்ணன திட்டாதீங்க.

— உனக்கு வண்டியப் பத்தி என்னம்மா தெரியும்? யாராவது சொல்லிக் குடுக்காம இது உனக்கு எங்க தோணும்? யாரு சொன்னது?

— வண்டிய நல்லா தெரிஞ்ச ஒருத்தர்ப்பா. நம்ம நல்லதுக்குத்தான் சொன்னார்.

— நல்லதுக்கா? தெரிஞ்சே ஒரு நல்ல வண்டிய ரோட்டுல நிறுத்தறவன் நல்லதுக்கா சொல்லுவான்? சரி, அழாத. போனது போகட்டும். தெரியாமத்தானே செஞ்ச. ஆனா ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ.

— சொல்லுங்கப்பா.

— அந்த ஆள் கையில இனிமே வண்டியக் குடுக்காத.